‘மரபணு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள்

தமிழ்நாட்டில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், பக்கத்தில் நின்று எங்களுக்கு எடுத்துச் சொல்லும் செவிலியர்களுக்கும், ஆலோசகர்களுக்கும்:

வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. 2021 ஆகஸ்டில், நான்கு வயதில், என் மகனுக்கு இந்த நோய் வந்தது. இப்போது மருந்தெல்லாம் முடிந்துவிட்டது. கணக்கு வீட்டுப்பாடம் என்றால் வயிற்றுவலி வரவழைத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டான். உங்களைப் போன்றவர்கள் கொடுத்த உயிர் அது. அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் கோபமும் உண்டு, மறைக்கவில்லை.

முதலில் கால் வலிக்கிறது என்றான். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்தோம். பத்து நாளில் நடக்க மாட்டேன், தூக்கு என்றான். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாக, எங்கும் விழாமலேயே விழுந்த மாதிரித் தழும்புகள். ஊர் லேப்பில் பிளேட்லெட் 18,000 என்று வந்தது. லேப்காரர் சீட்டைக் கையில் கொடுக்காமல், ‘அப்பாவை வரச் சொல்லுங்க டீச்சர்’ என்றார். அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம்.

கொரோனா காலம். வார்டுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. நான் அப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். கீமோ மருந்து புழங்கும் இடத்தில் நிற்கக் கூடாது என்று என்னைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள், அது சரிதான். மேலே என் வீட்டுக்காரர். கீழே, வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுத் திண்டில் நானும் அத்தையும். அத்தை என்றால் மாமியார் என்று மட்டும் நினைக்காதீர்கள், அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. நான் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

போன் மேரோ எடுத்து ஒரு வாரம் கழித்து, குரோமோசோம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் ‘ஃபிஷ்’ டெஸ்ட் முடிவு வந்தது. (‘மீனுக்கும் பிள்ளைக்கும் என்னட்டி சம்பந்தம்’ என்று அத்தை கேட்டதும், அந்த ஒரு நிமிடம் நான் சிரித்ததும் நினைவிருக்கிறது.) ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் நடந்துகொண்டே, ‘மரபணு மாற்றம் இருக்கு, ஆனா நல்ல வகை, கவலைப்படாதீங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. என் வீட்டுக்காரர் கீழே எனக்குப் போன் போட்டார். ‘என்னமோ மரபணுவாம். நல்லதுதானாம்.’ ஸ்பீக்கரில் இருந்தது.

‘மரபணுன்னா?’ என்றார் அத்தை.

திண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், யாரோ ஒரு பிள்ளையின் தாத்தா, உதவியாகத்தான் சொன்னார்: ‘பரம்பரைன்னு அர்த்தம்மா.’

இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் அவரைத் திருத்தவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் விசாரணை முடிந்துவிட்டது. அத்தையால் என் அப்பாவைக் குறை சொல்ல முடியாது, சொந்த அண்ணன். தன் மகனையும் சொல்ல முடியாது. ‘எங்க வழியில இப்பிடி யாருக்கும் கெடையாது. ஒங்கம்மை வழியிலதான் இருக்கணும்’ என்றார். என் அம்மா சங்கரன்கோவில் பக்கம், வெளி சம்பந்தம். பாவம், அவருக்குச் சர்க்கரை தவிர வேறு ஒன்றும் கிடையாது. மறுநாள் ஊரிலிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். சொந்தத்தில் கட்டினதால்தான் என்றார் ஒருவர். இன்னொருவர் சுற்றி வளைக்கவில்லை. ‘வயித்துல இருக்கறதுக்கும் வராதுன்னு என்ன நிச்சயம்? இப்பவே பாத்துக்கோங்க.’

பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நான்கு நாள் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்தது. என் வீட்டுக்காரர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் தனியாக ஒரு ஸ்கேன் சென்டர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வாங்கும் ஜன்னலில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர், வயது முப்பதுகூட இருக்காது. நான் கேட்டது ஒரே கேள்வி: ‘இது எங்கிட்ட இருந்து வந்துச்சா டாக்டர்?’ அவர் என் கையிலிருந்த சீட்டைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டார். ஒரு இருபது வட்டம் இருக்கும். ஒன்றில் மட்டும் ஒரு புள்ளி வைத்தார். ‘இந்த ஒரு செல்லுல மட்டும்தான் மாறியிருக்கு. அது பெருகியிருக்கு. மத்த செல்லு எதுலயும் இல்ல. கண்ணுல, தோல்ல, உங்க ரத்தத்துல, அவங்க அப்பா ரத்தத்துல எங்கயும் இல்ல. நீங்க குடுக்கல.’ மொத்தமாக இரண்டு நிமிடம். மகள் 2022 மார்ச்சில் பிறந்தாள். அந்தச் சீட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அந்த இரண்டு நிமிடத்தைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். மரபு, அணு என்று இரண்டு சேர்ந்தது மரபணு. பாடப்புத்தகத்துக்கு நல்ல கலைச்சொல், ஒரு குறையும் இல்லை. ஆனால் மரபு என்றாலே எங்கள் காதில் விழுவது பாட்டன் பூட்டன்தான். ‘மரபணு மாற்றம்’ என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மனதில் இருப்பது ஒரு செல்லில் டி.என்.ஏ. உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்டது. எங்கள் காதில் விழுவது குலத்தில் குறை. ஒரே சொல், ஆனால் உங்கள் வாயிலிருந்து புறப்பட்டதும் எங்களிடம் வந்து சேர்ந்ததும் வேறு வேறு. இதே மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் தப்பாகப் புரிந்திருக்காது. தமிழாசிரியையான நான் இப்படி எழுத வேண்டியிருப்பது எனக்கே கசக்கிறது.

பள்ளி அறிவியல் புத்தகத்தில் இதற்கு இன்னொரு சொல் இருக்கிறது: சடுதி மாற்றம். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இன்னும் ‘சடுதியில வந்துரு’ என்பார்கள். திடீரென்று, எதிர்பாராமல் நடந்தது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. ‘உங்கள் பிள்ளையின் எலும்பு மஜ்ஜையில் ஒரு செல்லில் சடுதி மாற்றம் நடந்திருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். யார் வீட்டு வழி என்று அடுத்த கேள்வி வராது.

என் மகனுக்கு இருந்தது 12ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 21ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டது. இ.டி.வி.6 என்ற மரபணுவும் ரன்க்ஸ்1 என்ற மரபணுவும் இதனால் ஒன்றாகிவிடுகின்றன. மேலை நாடுகளில் இந்த நோய் வரும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த வகை, நம் ஊரில் கொஞ்சம் குறைவு. நன்றாகக் குணமாகும் வகை என்பதைத்தான் அந்த மருத்துவர் ‘நல்ல வகை’ என்றார். இந்த மாற்றம் பெரும்பாலும் பிள்ளை கருவில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். லண்டனில் மெல் கிரீவ்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1990களில் ஒரு காரியம் செய்தார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு அட்டையில் காயவைத்த இரத்தத் துளிகளை, நோய் வந்த பிறகு தேடி எடுத்துச் சோதித்தார்கள். நோயின் முதல் அடையாளம் அந்த அட்டையிலேயே இருந்தது.

கருவிலேயே என்றதும் என் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்போ நான் ஏதோ செய்திருக்கிறேன் என்று. அதற்கு மேலே ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். நோயே வராத, நல்ல ஆரோக்கியமான பச்சைக் குழந்தைகளிடமும் இந்தத் துண்டு மாற்றம் இருக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றில் ஒரு குழந்தையிடம் இருந்ததாக 2002இல் ஒரு ஆய்வு சொன்னது. 2018இல் வந்த இன்னொன்று நூற்றில் ஐந்து என்றது. அவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது. பிறந்த பிறகு அந்தச் செல்லின் மரபணுவில் இன்னொரு அடி, சில சமயம் இன்னும் சில அடிகள் விழ வேண்டும். இரண்டாவது அடி எப்படி விழுகிறது என்பதில் கிருமித் தொற்றுக்கும், அதை எதிர்க்கப் பழகும் உடம்புக்கும் பங்கு இருக்கலாம் என்பது கிரீவ்ஸின் கருத்து. நம் உடம்பு நோய் எதிர்ப்புக்காகத் தன் மரபணுவைத் தானே வெட்டி ஒட்டும் ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறது. அது வெட்டக் கூடாத இடத்தில் வெட்டிவிடுகிறது.

இரட்டைப் பிள்ளைகள் கதையை ஒருமுறை அத்தைக்குச் சொன்னேன், அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு அதிகம். ரத்த சம்பந்தம்தானே, பார்த்தியா என்று தோன்றும். உண்மையில் ஒரு பிள்ளையின் உடம்பில் மாறிய செல், இருவருக்கும் பொதுவான நஞ்சுக்கொடி வழியாக மற்றப் பிள்ளைக்குப் போய்விடுகிறது. இருவரின் செல்லிலும் உடைந்த இடம் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ‘பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டி வந்த மாதிரி’ என்றார் அத்தை. இதைவிட நன்றாக நான் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் விட எளிய சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது, ஏன் அதைக் காட்ட மாட்டேன் என்கிறீர்கள்? முதல் மாத மருந்து முடிந்து மறுபடி மஜ்ஜை எடுத்தபோது என் மகனின் ரிப்போர்ட்டில் அந்த மாற்றம் இல்லை. மிச்சம் ஒளிந்திருக்கும் நோய்ச் செல்லைத் தேடும் எம்.ஆர்.டி. சோதனையும் நெகட்டிவ். பரம்பரையாக வந்தது என்றால் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்குமே, வின்கிரிஸ்டினும் ஸ்டீராய்டும் கொடுத்தால் போய்விடுமா? இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டிக்குக் காட்டினால் பாட்டிக்கே புரியும். எங்கள் வீட்டில் நான்தான் காட்டினேன்.

சரி, பரம்பரைக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்காரர்கள் புற்றுநோய் வந்த 1,120 குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கணக்கில், இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேரைவிடக் கொஞ்சம் அதிகமானோரிடம் பிறவியிலேயே வந்த குறைபாடு இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து பல மடங்கு. ஃபான்கோனி இரத்தசோகை, அடாக்சியா டெலாஞ்சிக்டேசியா போன்ற அரிய நோய்கள் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தால்தான் தலைகாட்டும். சொந்தத்தில் கட்டும் நம் ஊரில் அதற்கு வாய்ப்பு கூடுதல், அந்தப் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. ஆகவே ‘சொந்தத்தில் கல்யாணமா’ என்று நீங்கள் கேட்பது கடமை. கேட்டுவிட்டு, பதிலை எழுதிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவதுதான் எங்களைக் கொல்கிறது. ஏன் கேட்டீர்கள், எங்கள் பதிலால் என்ன தெரிந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ‘கேட்டேன், உங்கள் பிள்ளைக்கு அந்த வகை இல்லை’ என்பது எங்கள் வீட்டுக்குள் பத்து வருடச் சண்டையை நிறுத்தும்.

அப்புறம் இன்னொன்று வந்திருக்கிறது. எபிஜெனிடிக்ஸ். மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் மேல் விழும் குறிகளைப் பற்றிய துறை.

வார்டுக்கு வெளியே காத்திருக்கும் அம்மாக்கள் எல்லோரும் யூடியூப் பார்க்கிறோம். இரவு இரண்டு மணிக்குப் பார்க்கிறோம். ‘கர்ப்பிணி கோபப்பட்டால் குழந்தையின் மரபணுவில் குறி விழும்’ என்று ஒருவர், ‘அம்மா சாப்பிட்டதுதான் குழந்தையின் கேன்சர்’ என்று இன்னொருவர். பின்னணியில் வீணை வேறு. பழைய பழி ‘உங்கள் வழி’ என்றது, இந்தப் புதுப் பழி ‘நீ நடந்துகொண்ட விதம்’ என்கிறது. பழையதாவது என் அம்மாவையும் சேர்த்துக்கொண்டது. இதில் நான் மட்டும்தான்.

இந்தத் துறையை என் மாணவர்களுக்கு நான் எப்படிச் சொல்வேன் என்றால், கரும்பலகையில் ‘க’ என்று எழுதுவேன். அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பேன். ‘க்’. எழுத்து மாறவில்லை, ஆனால் ஓசை அடங்கிவிட்டது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மேலும் மெத்தில் என்ற சின்ன மூலக்கூறு இப்படித்தான் புள்ளியாக உட்கார்ந்து, எந்த மரபணு பேச வேண்டும், எது அடங்க வேண்டும் என்று வைக்கிறது. கண் செல்லும் கல்லீரல் செல்லும் ஒரே எழுத்துகளை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை செய்வது இப்படிப்பட்ட குறிகளால்தான். ஓலைச்சுவடிகளில் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமலேயே எழுதினார்கள், படிக்கிறவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. புள்ளி தவறிய இடத்தில் தவறாகவே படிக்கும். நோய் வந்த செல்லில் இந்தப் புள்ளிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் மரபணுவின் தலையில் புள்ளி விழுந்து அது ஊமையாகிவிடுவது உண்டு.

ஒரு வயதுக்குள் இந்த நோய் வரும் கைக்குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு கே.எம்.டி.2ஏ என்ற மரபணு உடைந்திருக்கிறது. அந்த மரபணுவின் வேலையே, டி.என்.ஏ. நூல் சுற்றியிருக்கும் புரதக் கண்டுகளின் மேல் ‘இங்கே படி’ என்று குறி வைப்பது. குறி வைக்கிற கையே கெட்டுப்போனால் என்ன ஆகும்? கருவில் சில நாள் மட்டும் திறந்திருந்து மூடிக்கொள்ள வேண்டிய மரபணுக்கள் மூடாமலேயே கிடக்கின்றன. அந்தக் குழந்தைகளின் நோய்ச் செல்லில் வேறு சடுதி மாற்றங்கள் மிகக் குறைவு, ஒன்றோ இரண்டோதான். நோய் பெரும்பாலும் குறிகளின் குளறுபடியிலேயே ஓடுகிறது. ஆனால் எழுத்தை அழிப்பதைவிடக் குறியை அழிப்பது எளிது. அந்தக் கெட்ட கையைப் பிடித்துக்கொள்ளும் ரெவுமெனிப் என்ற மாத்திரைக்கு, மற்ற மருந்துக்கு மசியாதவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும் கொடுக்கலாம் என்று, 2024 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் சேர்த்து. எபிஜெனிடிக்ஸ் என்றால் உங்கள் துறையில் இதுதான் பேச்சு. எங்கள் போனில் வருவது வேறு.

என் சொந்தப் பைத்தியக்காரத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 1940களின் கடைசியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்? தடுக்கும் மருந்தைச் செய்து கொடுத்தது எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். 1948இல் முதன்முதலாகப் பத்துக் குழந்தைகளுக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியது. என் மகனின் முதுகுத் தண்டில் போட்ட மெத்தோட்ரெக்ஸேட் அந்தக் குடும்பத்து மருந்துதான். இதைப் படித்ததும் நமக்குப் பெருமையாக இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அன்றிரவு தோன்றியது: ஐயோ, மாசமாக இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த ஃபோலிக் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேனே! நான்தான் தீனி போட்டேனோ?

மூன்று நாள் கழித்து இன்னொரு வீடியோ. மெத்தில் புள்ளி வைக்க ஃபோலிக் அமிலம் வேண்டும், அது குறைந்தால் குறி தவறும் என்றது. உடனே நினைவு வந்தது, மூன்றாம் மாதம் வாந்தியில் எத்தனை நாள் மாத்திரை வெளியே வந்துவிட்டது! சாப்பிட்டதும் குற்றம், சாப்பிடாததும் குற்றம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு என்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கர்ப்பத்தில் ஃபோலிக் மாத்திரை எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவாகவே வந்திருக்கிறது. கொஞ்சம்தான். எடுத்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது, எடுக்காதவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளுக்கு வரவில்லை. தாய்ப்பால் கணக்கும் இதே மாதிரிதான். ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற ஒரு சிறிய சாய்வை, ஒரு தாயின் தலையில் தீர்ப்பாக இறக்கி வைக்க முடியாது என்று எங்களுக்கு யார் சொல்வது? யூடியூப் வீணைக்காரர் சொல்ல மாட்டார்.

இனி, பரம்பரை உண்மையிலேயே எங்கள் வீட்டில் வேலை செய்த கதை.

முதல் கட்டம் முடிந்து அக்டோபரில் 6-எம்.பி. (மெர்காப்டோப்யூரின்) என்ற கீமோ மாத்திரை தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் என் மகனின் வெள்ளை அணு 600க்கு இறங்கியது. காய்ச்சல், வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. லேசாக முளைக்கத் தொடங்கிய முடி தலையணையில் மறுபடி கொத்தாக. பத்தொன்பது நாள் உள்ளேயே இருந்தான். அத்தை மாடசாமிக்கு நேர்ந்துகொண்டார். ஒரு மருத்துவருக்குச் சந்தேகம் வந்து இரத்தம் அனுப்பினார். என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில், இரண்டு பிரதியிலுமே மாற்றம் என்று வந்தது. அந்த மருந்தைக் கழித்துக் கட்டும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. அது வேலை செய்யாவிட்டால் மற்றவர்களுக்கு மருந்தாகும் அளவு இவனுக்கு விஷம். வாரத்துக்கு ஆறு மாத்திரை என்றிருந்தது, ஒரே ஒரு மாத்திரையாகக் குறைந்தது. புதன் அரை, ஞாயிறு அரை. அந்த ஆறில் ஒரு பங்கே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. (இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால், அளவை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும்.)

இது ஒவ்வொரு செல்லிலும் இருப்பது. பிறவியில் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். சொந்தத்தில் கட்டியதற்கு இதில் பங்கு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நோயில் தேடிய பரம்பரை மருந்தில் வந்து நின்றது!

மேலை நாட்டுப் புத்தகங்கள் இந்த மருந்துக்கு டி.பி.எம்.டி. என்ற வேறு மரபணுவைப் பார்க்கச் சொல்லி வந்தன, அவர்களுக்கு அது பொருந்தும். என்.யு.டி.டி.15இன் பங்கு 2014இல் கொரியர்களிடம்தான் முதலில் தெரிய வந்தது. கிழக்காசியாவிலும் நம் பக்கத்திலும் இது பரவலாக இருக்கிறது. நம்மில் பத்துப் பேரில் ஒருவராவது ஒரு பிரதியைச் சுமக்கிறோம். அப்படியிருக்க, 6-எம்.பி. தொடங்கும் முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் இதைப் பார்க்கக் கூடாது? எங்கள் குடும்பத்தைப் பற்றி உருப்படியாகக் கேட்க வேண்டிய மரபணுக் கேள்வி இது ஒன்றுதான், இதைத்தான் யாரும் முதலில் கேட்கவில்லை.

இந்த முடிவை அத்தைக்கு நான்தான் விளக்கினேன். எனக்கும் அவர் மகனுக்கும் பொதுவான தாத்தா பாட்டி அவருடைய அப்பா அம்மாதான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ‘அப்ப எங்க அய்யா வழிதானா?’ என்றார். நான் நியாயமாக, வெளியிலிருந்தும் வந்திருக்கலாம், ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிறது என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலண்டரில் புதனையும் ஞாயிறையும் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அந்த அரை மாத்திரையை உடைத்துக் கொடுத்தது அவர்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். பொங்கலுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் வேலைப் பளு எனக்குத் தெரியும். ஓ.பி.யில் ஒரு காலையில் எத்தனை பேர் என்று வரிசையில் நின்று எண்ணியிருக்கிறேன். 1984இல் தொடங்கிய எம்.சி.பி.841 என்ற பொதுச் சிகிச்சை முறையில் சென்னை அடையாறு புற்றுநோய் மையம் சேர்ந்து உழைத்த நாளிலிருந்து, கைவிட்ட கேஸ் என்றிருந்த நோயை இந்த இடத்துக்குக் கொண்டு வந்தவர்கள் நீங்கள். அவ்வளவு செய்தவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம் பெரிதில்லை. மரபணு ரிப்போர்ட் சொல்லும் அன்று ஒருவரிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அம்மாவையும், முடிந்தால் வீட்டில் வாய் பெரியவர் யாரோ அவரையும் கூப்பிடுங்கள். நின்றுகொண்டு சொல்ல வேண்டாம். ‘வந்ததா, நடந்ததா’ என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். இது பெற்றோரிடமிருந்து வந்த மாற்றம், அல்லது இது இந்த ஒரு செல்லில் நடந்த மாற்றம். கருவில் நடந்தது என்றால், யாரும் செய்ததால் நடக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சேர்த்துவிடுங்கள். அடுத்த பிள்ளையைப் பற்றி நாங்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், கேட்க மாட்டோம். கேட்க முடியாமல் ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்போம்.

இந்த மடலோடு ஒரு பக்கத் தாள் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறேன். வட்டங்கள், அதில் ஒன்றில் மட்டும் புள்ளி, கீழே ஏழு வாக்கியம். கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன், வார்டில் கொடுக்கலாம். மருத்துவத்தில் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். திருத்தித்தான் எனக்குப் பழக்கம், திருத்தப்பட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் பரவாயில்லை, ஒற்றுப் பிழை மட்டும் கண்டுபிடிக்க முடியாது, அதை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
தென்காசி மாவட்டம்